லிமயேவா, சுதாகர் ரெட்டியா?

மராத்திப் படங்களை ஒளிப்பதிவுக்காகப் பார்க்க ஆரம்பிப்பவர் முன்னால் இரண்டு வாசல்கள். ஒன்று மகேஷ் லிமயே. 2010-இல் வந்த 'நடரங்'கில் தமாஷா என்ற மராத்தி நாட்டுப்புற ஆட்டக் கூத்து மேடையின் பளபளப்பைப் பதிவுசெய்தவர். அதே ஆண்டு இந்தியில் 'தபங்' படத்துக்கும் அவர்தான். மும்பையின் பெரிய பட்ஜெட்டும் அவருக்குக் கைவந்த கலை.

இன்னொருவர் சுதாகர் ரெட்டி யக்கண்டி. தெலுங்குக்காரர், புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 'தேவூள்', அப்புறம் 2016-இல் 'சைராட்'. அந்தப் படத்தின் முதல் பாதியில் சோலாப்பூர் பக்கத்து வறண்ட பூமி, கிணறு, வயல் எல்லாம் காதலர்களின் கண்ணால் தெரிகிற மாதிரி மினுங்கும். ஊரை விட்டு ஓடி ஐதராபாத் போனதும் காட்சிகளின் ஃபிரேம்கள் நெருக்கமாகி மூச்சு முட்டும். கதை மாறுவதை வசனத்துக்கு முன்பே வெளிச்சம் சொல்லிவிடுகிறது.

இருவரும் இயக்கவும் செய்தார்கள். லிமயேயின் 'யெல்லோ', ரெட்டியின் 'நாள்' இரண்டுக்குமே தேசிய விருது கிடைத்தது. 'நாள்' மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதிக் கிராமத்துச் சிறுவன் ஒருவனின் உலகம். என் ஓட்டு ரெட்டிக்கு. ஆட்டமும் பாட்டும் பிடித்தவர் தாராளமாக 'நடரங்'கில் தொடங்கலாம்.