வீட்டு மாடிக்கு டிராக்கர் வைத்த சோலாரா? முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

உடுமலைப் பக்கம் சோலார் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு. சூரியன் போகும் பக்கமெல்லாம் பேனல் திரும்பும், நாற்பது சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, 3 கிலோவாட் சோலாரை டிராக்கரோடு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தில் டிராக்கர் செலவு கழிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அந்த மானியம் கிலோவாட்டைப் பார்த்துத் தருவது. டிராக்கர் இல்லாவிட்டாலும் அதே தொகைதான்.

சாய்வும் கோளாறு. 30 டிகிரி வைத்தார்கள். ஏன் என்று கேட்டால், "கம்பெனி டிசைன் சார்" என்றார் பொருத்த வந்தவர். சாய்வு ஏறக்குறைய ஊரின் அட்சரேகை அளவுக்கு இருக்க வேண்டும். டெல்லி 28 டிகிரி அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது, அங்கே அது பொருந்தும். உடுமலை 10.6 டிகிரி. இங்கே தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சாய்த்தாலே போதும். மழையில் தூசியும் வழிந்துவிடும். ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை நமக்கு உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. ஜூன் மாத நண்பகலில், 10 டிகிரி பேனலைவிட 30 டிகிரி பேனலில் விழும் நேர்வெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

திறந்தவெளியில், பெரிய சோலார் பண்ணைகளில் டிராக்கர் பலன் தருவது உண்மை. எங்கள் மாடிக்குக் கிழக்கே பக்கத்து வீட்டின் மூன்றாம் தளம் நிற்கிறது. காலையில் பேனல்கள் கடமை தவறாமல் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்! மாடியில் ஏறிப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. திருப்பும் தண்டு வளைந்து, பேனல்கள் மேற்கே பார்த்தபடி சிக்கிக்கொண்டன. காற்றால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லையாம். சுற்றிலும் காற்றாலைகள் நிற்கும் ஊரில், விற்கும்போது காற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. "25 ஆண்டு வாரண்டி" பேனலுக்கு மட்டும். மோட்டாருக்கு ஓராண்டு என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. டிராக்கருக்கு வாங்கிய பணத்தில் கூடுதலாக இரண்டு பேனல்களே போட்டிருக்கலாம்.

கொட்டேஷனில் சாய்வு, திசை, மாதவாரி யூனிட் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிவிவாட்ஸ் என்ற இலவச இணையக் கருவியில் அதைச் சரிபார்க்கலாம். பக்கத்து வீட்டு நிழல் அதற்குத் தெரியாது. மாடியில் காலை முதல் மாலை வரை நிழல் விழும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் புகார் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.