நாட்டுக்கோழி இன்குபேட்டரில் பியர்டட் டிராகன் முட்டை: வேலூர் வெயிலுக்கு ஒத்துவருமா?

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு விற்கும் தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரைத்தான் பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணான் வகையை வளர்ப்பவர்களும் வாங்குகிறார்கள். உள்ளே பல்பு, சின்ன ஃபேன், முட்டை திருப்பும் மோட்டார், சூட்டைப் பார்த்து பல்பை எரித்து அணைக்கும் டபிள்யூ-1209 கண்ட்ரோலர். கோழிக்குக் குறையே சொல்ல முடியாது: 37.5 டிகிரியில் வைத்தால் நிற்கும், 21 நாளில் குஞ்சு வரும். டிராகன் முட்டைக்கு வேண்டியது 29 முதல் 30 டிகிரி. சிக்கல் அங்கேதான்.

டபிள்யூ-1209 பல்பை அணைக்கும், பெட்டியைக் குளிர்விக்காது. கத்தரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது அறையே 34, 35-இல் நிற்கும். சில மணி நேரத்தில் பெட்டிக்குள்ளும் அதே சூடுதான். செட்டிங் 29 என்று இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

பியர்டட் டிராகனில் ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ குரோமோசோம். சூடு 32 டிகிரியைத் தாண்டினால் இசட்-இசட் கருக்களில் சில பெண்ணாக வளரத் தொடங்கும். 36-இல் ஏறக்குறைய எல்லாமே பெண். அப்படி வந்த பெண் முட்டையும் இடும். அதை ஒரு ஆணோடு சேர்த்தால் குட்டிகளில் ஒன்றுக்கும் டபிள்யூ இருக்காது. ஒரே தலைமுறையில் அந்தக் குரோமோசோம் போய், ஆண் பெண்ணை வெப்பம் மட்டுமே தீர்மானிக்கும். ஆஸ்திரேலியாவில் காட்டில் பிடித்த டிராகன்களை வைத்து 2015-இல் இதை நிரூபித்தார்கள். பல்லி இனங்களில் பால் குரோமோசோம்கள் இவ்வளவு அடிக்கடி மாறியிருப்பது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். கெக்கோக்களில் (வீட்டுப்பல்லி வகை) மட்டுமே 17 முதல் 25 மாற்றங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விற்பவர்கள் கவனிக்க வேண்டியது: இப்படி வந்த பெண்ணுக்கு டிஎன்ஏ சோதனை ஆண் என்றே காட்டும். லேபைக் குறை சொல்ல வேண்டாம்.

பெட்டியை வாங்கியதும் முதலில் மோட்டாரைக் கழற்றுங்கள். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கெடும்; ஓணான் வகை முட்டையைத் திருப்பினால் ஓட்டோடு ஒட்டிய கரு செத்துவிடும். இட்ட அன்றே மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளி மேலேயே இருக்கும்படி வையுங்கள். வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை கலந்து, மூடியில் இரண்டு மூன்று ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் முட்டையைப் பாதி புதைக்க வேண்டும். டப்பா இல்லாமல் வைத்தால் ஃபேன் காற்றில் முட்டை காய்ந்து குழி விழும்.

அடுத்து கண்ட்ரோலர். எஸ்டிசி-1000-இல் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனி ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) உண்டு. இந்த வேலைக்கு அதுதான் சரி. அதன் செட்டிங்கில் எஃப்-1-இல் (வேண்டிய சூடு) 29.5, எஃப்-2-இல் (எவ்வளவு விலகலாம்) 0.5. சென்சார் ஒரு டிகிரி வரை தவறலாம் என்பதால் பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முக்கி, 0 காட்டாவிட்டால் எஃப்-4-இல் திருத்துங்கள். குளிருக்கு 12 வோல்ட் பெல்டியர் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு), வெளிப்பக்கம் சூட்டை வெளியேற்ற ஹீட் சிங்க்கும் ஃபேனும். அது 6 ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே 10 ஆம்பியர் பவர் சப்ளை போடுங்கள். உள்பக்கத் தகட்டில் வியர்க்கும் தண்ணீர் டப்பா மேல் சொட்டாதபடி ஒரு தட்டைச் சாய்த்து வைக்க வேண்டும். கரண்ட் போனால் சூடு சட்டென்று மாறாமலிருக்க இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் உள்ளே இருக்கட்டும்.

ரிலே ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாமல் எரிந்து முட்டை வெந்துவிடும். இந்தப் பெட்டிகளில் மோசமான கோளாறு இதுதான். பல்பு லைனில் 32 டிகிரிக்கு இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடராக இணைத்தால் பயமில்லை.

இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள் மே மாதத்துக்கு இதை வாங்க வேண்டாம். முட்டை நவம்பரில் வரும்படி ஜோடி சேர்த்தால், பொரிக்க ஆகும் 55 முதல் 75 நாளும் குளிர்காலத்தில் கழிந்துவிடும். மோட்டாரை மட்டும் கழற்றிய இந்தப் பெட்டி அதற்குப் போதும்.