48 வெள்ளி வலையும் வீட்டு மாப்புக் கம்பும்

வலை அருமை, கம்பு குப்பை. அவசரக்காரர்கள் இந்த ஒரு வரியோடு கடைக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்கு மூன்று மாதக் கதை இருக்கிறது.

ஓடையில் மீன் பிடிக்கிறவன் படுகிற முதல் பாடே வலை தேடுவதுதான். பினாங்கில் அலங்கார மீன் கடைக்குப் போனால் தொட்டிக்குள் விட்டுத் துழாவும் சின்ன வலை கிடைக்கும். தூண்டில் கடைக்குப் போனால் பெரிய மீனை ஏந்தித் தூக்கும் வட்ட வலை கிடைக்கும். இரண்டும் மலை ஓடைக்கு ஆகாது. வட்ட வலையைக் கல் தரையில் வைத்துப் பாருங்கள், அடியில் ஒரே ஒரு இடம்தான் தரையில் படும். இரண்டு பக்கமும் மீன் குடும்பத்தோடு நடந்து போகலாம்.

நான் வாங்கிய வலை முறம் மாதிரி. ஒரு பக்கம் நேராக 35 சென்டிமீட்டர், மறுபக்கம் அரைவட்டம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய மீன் கடையில் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. விலை 48 வெள்ளி, அதாவது 48 ரிங்கிட். "ஸ்டேன்லெஸ் ஸ்டீல், மூணு மடிப்புக் கம்பு, நல்ல சாமான்" என்றார் தவுக்கே, கடை முதலாளி. மூன்றில் ஒன்றுதான் உண்மை. அது மூணு மடிப்பு.

சோதித்த இடம் தீவின் மறுபக்கத்தில் உள்ள பாலிக் புலாவ். தங்கையைக் கட்டிய மச்சானுக்கு அங்கே ஒரு டுரியான் தோட்டம், ஓரத்தில் நாலைந்து ஜாதிக்காய் மரம், நடுவே ஒரு சின்ன ஓடை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கு வேண்டுமானாலும் வலையைப் போட முடியாது. தெலுக் பஹாங்கில் 2003-இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. வனக் காப்புக்காடும் அணைக்கட்டு நீர்ப்பிடிப்பும் தனி. பினாங்குக் கொடிமலைப் பக்கம் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆகிவிட்டது. சொந்தக்காரர் நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் எனக்கு நிம்மதி. மச்சான் கேட்ட கூலி, விழுந்து கிடக்கிற டுரியான் மட்டைகளை ஓரமாக ஒதுக்கித் தருவது.

இரவு ஷிப்ட் முடித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து நேராக மோட்டாரில் போனேன். தங்கை மகன் ஏற்கெனவே 'அடிடாஸ் கம்போங்' மாட்டிக்கொண்டு நின்றான். தோட்ட வேலைக்குப் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். ஐந்நூறு வெள்ளி சப்பாத்து வழுக்குகிற பாறையில் அது வழுக்காது. செலிப்பரோடு இறங்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக் காய்ச்சல் ஓடைத் தண்ணீரிலும் வரும்.

வேலை இதுதான். வலையின் நேர்ப் பக்கத்தைத் தரையோடு தரையாக அழுத்தி, வாய் தண்ணீர் வருகிற திசையைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அரை மீட்டர் மேலே நின்று காலால் கல்லையும் சருகையும் கிளற வேண்டும். கலங்கிய தண்ணீரோடு மீனும் வலைக்குள் வந்து விழும். பிறகு வலையைத் தூக்கி ஒரு திருப்பு. பை 30 சென்டிமீட்டர் ஆழம் என்பதால், திருப்பினால் தன் விளிம்பின் மேலேயே மடிந்து வாய் மூடிக்கொள்ளும். துள்ளுகிற மீனுக்கு வழி இல்லை. புரட்டிய கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், அதன் அடிதான் வேறொன்றின் வீடு.

முதல் ஐந்து தடவை இலைதான்.

"மாமா, வலை நல்லாத்தான் இருக்கு. ஆனா வெறும் சருகுதான் வருது."

"சருகுக்குள்ள பாருடா."

வெள்ளைத் தட்டில் கொட்டினோம். சருகுக்கு நடுவே இரண்டு கண்ணாடி இறால், ஒரு நண்டு, உடம்பில் கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு கெண்டைக் குஞ்சு. ஆறாவது தடவை, மூங்கில் வேர் தண்ணீருக்குள் தொங்குகிற இடத்தில், நான் வந்த காரியம் தட்டில் கிடந்தது. விரல் நீளம், காய்ந்த இலையின் பழுப்பு. வெயிலில் சாய்த்தால் ஒவ்வொரு செதிலிலும் ஒரு பச்சை நீலப் பொட்டு. பெட்டா பக்னாக்ஸ். பினாங்குச் சண்டை மீன்.

இதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே நம் தீவுதான். தியோடர் கேன்டர் என்ற டென்மார்க் மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், பினாங்கில் கிடைத்த மீனை வைத்து 1849-இல் இதற்குப் பெயர் சூட்டினார். பக்னாக்ஸ் என்றால் லத்தீனில் சண்டைக்கு நிற்கிறவன். ஆனால் கடையில் சின்னக் குப்பியில் அடைத்து விற்கிற வால் நீண்ட மீன் இது இல்லை. அது நுரைக்கூடு கட்டும். இது கூடு கட்டாது. ஓடுகிற தண்ணீரில் நுரை எங்கே நிற்கும்? முட்டைகளை ஆண் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும்.

தட்டில் இருந்ததைக் குனிந்து பார்த்தேன். தாடைக்குக் கீழே தொண்டை புடைத்திருந்தது, வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்ட கிழவி மாதிரி. வாயை மட்டும் அசை போடுகிற மாதிரி மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. பையன் பாலித்தீன் பையை நீட்டினான்.

"வேணாம். வாய்க்குள்ள பிள்ளைங்கள வச்சிருக்கான். பயந்தா துப்பிடுவான், இல்ல முழுங்கிடுவான்."

தட்டை அப்படியே தண்ணீருக்குள் சாய்த்துவிட்டோம். மதியம் வரை நின்று, தொண்டை ஒட்டிய ஒரு ஜோடியை மட்டும் எடுத்தோம்.

இப்போது வலையின் கண்ணியைப் பற்றி. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், கரும்பச்சை, முடிச்சு இல்லாத மெத்தென்ற பின்னல். மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு உரியவில்லை, செதில் ஒன்றுகூடத் தட்டில் மிதக்கவில்லை. இந்த ஒன்றுக்கே 48 வெள்ளி தரலாம். குறை இல்லாமல் இல்லை. பொடிக் கண்ணி என்பதால் தண்ணீர் வடிவது மெதுவு. வேகமான இடத்தில் பிடித்தால் பாராசூட் மாதிரி உப்பி ஆளையே இழுக்கும். இன்னொன்று, சின்னக் கெலி (கெளுத்தி மீன்) ஒன்று உள்ளே வந்தது. அதன் பக்கத்து முள் பின்னலில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் முள் உடையும், விட்டால் கை கிழியும். கடைசியில் வலையில் நாலு கண்ணியைக் கத்தரித்துத்தான் அதை விடுவித்தேன். ஒரு சின்ன கத்தரிக்கோல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கம்புக்கு வருவோம். முறுக்கிப் பூட்டுகிற அலுமினியக் குழாய். முதல் நாள் காலை பத்து மணிவரை பூட்டு நின்றது. பிறகு, நான் வலையை அழுத்தினால் கம்பு தனக்குள்ளேயே சுருங்கியது. வீட்டுக்கு வந்து கழற்றினேன், இயந்திரம் பிரிப்பதுதானே நம் பிழைப்பு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூம்பு. முறுக்கினால் அது விரிந்து குழாயின் உட்சுவரைக் கவ்வ வேண்டும். பினாங்கு மலை கருங்கல் மலை, ஓடையின் மணலும் அதன் பொடிதான், ரம்பம் மாதிரி. அந்த மணல் உள்ளே போய்க் கூம்பைச் சுரண்டி, விரிசலும் விட்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்த ஆள் செய்த கம்பு. 'ஸ்டேன்லெஸ்' சட்டமோ கல்லில் உரசி மேல்பூச்சு போய், இரண்டாவது வாரமே துரு பிடித்தது. தவுக்கேயிடம் காட்டினேன். "தண்ணியில போட்டா அப்பிடித்தான்" என்றார். மீன் வலையை வேறு எங்கே போடுவது என்று கேட்க வாய் வரவில்லை.

கூடவே வாங்கிய பேட்டரி ஏர் பம்ப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சல், ஆனால் வேலை செய்கிறது. சண்டை மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதற்குப் பையில் வெறும் காற்று இடம் இருந்தாலே போதும். கெண்டை கொண்டுவருகிறவர்களுக்குப் பம்ப் வேண்டும். போலிஸ்டிரின் பெட்டி இரண்டுக்குமே வேண்டும். ஓடையில் 25 டிகிரி காட்டிய தண்ணீர், ஆயர் ஈத்தாமில் என் பிளாட்டுத் தொட்டியில் 29. பையை மிதக்கவிட்டு, அரை மணி நேரம் சிறுகச் சிறுகத் தொட்டித் தண்ணீரைக் கலந்துதான் விட்டேன். குளோரின் போக்கிய தண்ணீர், இரண்டு காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை, மேலே இறுக்கமான மூடி. மூடியை மறந்தால் காலையில் மீன் தரையில் கிடக்கும்.

மூன்றாவது தடவை போனபோது எங்கள் தலைக்கு மேல் வெயில், மலை உச்சியில் கறுப்பு மேகம். தண்ணீர் இன்னும் ஏறவில்லை, ஆனால் திடீரென்று பச்சை இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. பையனின் கையைப் பிடித்துக் கரைக்கு ஏறிவிட்டேன். கால் மணி நேரத்தில் நாங்கள் நின்ற கல் தெரியவில்லை, தேநீர் நிறத்தில் தண்ணீர். வலை எந்தக் கடையில் வாங்கினாலும் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஓட்டத்திலும் வலை என் கையிலேயே இருந்தது, கம்பு பிரியவில்லை. காரணம், அப்போது அது கடைக் கம்பு இல்லை. சமையலறையில் இருந்த மாப்பின் மரக் கம்பை அறுத்து, வலையின் குழலுக்குள் அடித்து இறக்கி, இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கியிருந்தேன். ஒன்றரை மீட்டர், கனமும் சரி, பிடியும் சரி. சட்டத்தின் துருவைத் தேய்த்து எடுத்து எப்போக்ஸி பெயின்ட் அடித்தேன், இதுவரை நிற்கிறது.

வீட்டில் கேள்வி வந்தது. புது மாப்பு 12 வெள்ளி 90 காசு. ஆகவே இந்த வலையின் உண்மையான விலை 60 வெள்ளி 90 காசு.