"வண்டி தாங்கும் சார்" என்று சொல்லி கேம்பரை என் பிக்கப் தலையில் கட்டிய கதை

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் இறக்கி மாட்டுகிற கேம்பர் (பயணத்தில் தங்கிக்கொள்ளும் கூண்டு வீடு) வாங்க யோசிப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் பற்றியோ வேனையே வீடாக்குவது பற்றியோ நான் பேசவில்லை, அதெல்லாம் வேறு கணக்கு. இது மொத்தக் கூண்டும் வண்டியின் முதுகிலேயே ஏறி உட்காரும் ரகம். இதில் விற்கிறவர் வாயில் ஒரு எடை வரும், மாட்டுகிறவர் வாயில் "தாங்கும்" என்ற ஒரு சொல் வரும், இரண்டுக்கும் கையில் எந்தக் காகிதமும் வராது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுத்தான் வாங்கினேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு லேபிள் ஒட்டியிருக்குமே, ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று, அதைப் படம் பிடித்துக் கொண்டு போய்க் காட்டினேன். என் வண்டிக்கு 870 கிலோ. கடைக்காரர் தன் போனிலேயே கூட்டிப் போட்டுக் காட்டினார்: "கேம்பர் 680, நீங்க ரெண்டு பேர் 140, மொத்தம் 820. இன்னும் 50 கிலோ கையில் இருக்கு சார்." தொட்டியின் நீளம் ஆறரை அடி, அதற்குப் பொருந்துமா என்றும் கேட்டேன். எல்லா பிக்கப்புக்கும் பொருந்துகிற மாடல் என்றார். பழைய கேம்பர்தான், ஆனால் புதுப்பித்தது, புது பெயிண்ட், புது ஸ்டிக்கர், பார்க்க நன்றாகவே இருந்தது.

மாட்டிக் கொடுத்த அன்றே வண்டியின் பின்பக்கம் அமுங்கிப்போய் மூக்கு வானத்தைப் பார்த்தது. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு லைட் அடித்தார்கள், ஹெட்லைட் நேராக அவர்கள் கண்ணில்தான் விழுகிறது. திரும்பிப் போய்க் கேட்டபோது, இதெல்லாம் சகஜம், பின்னால் ஏர்பேக் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு பில். (விபத்தில் விரியும் ஏர்பேக் இல்லை, ஸ்பிரிங் பட்டைக்குத் துணையாக ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் வைக்கும் காற்றுப் பை.) காற்று அடித்ததும் வண்டி மட்டமாக நின்றது. பார்த்தீர்களா என்று அவர் கையைத் தட்டிக்கொண்டார்.

இந்த இடத்தைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஏர்பேக் வண்டியைத் தூக்கி நிறுத்தும், வண்டியின் தாங்கு திறனை ஒரு கிலோகூட கூட்டாது. பிரேக் அதேதான், ஆக்சில் அதேதான், பேரிங், வீல், டயர், சேஸிஸ் எல்லாம் அதேதான். அமுங்கி நிற்கிற வண்டியாவது பார்க்கிறவனுக்கு எதையோ சொல்லும், ஏர்பேக் போட்ட பிறகு அந்த அறிகுறியும் போய்விடுகிறது. அளவுக்குள் சரக்கு ஏற்றியவன் ஆட்டம் குறையப் போடுவது நியாயமான விஷயம், ஆனால் அளவுக்கு மீறிய எடையை மறைக்கப் போடுவது வேறு.

அப்புறம் நெடுஞ்சாலைக்குப் போனோம். ஸ்டியரிங் பிடிமானமே இல்லாமல் மிதந்தது, பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனால் முதலில் அதன் பக்கம் இழுத்துவிட்டு அப்புறம் வெளியே தள்ளியது. ஒரு வளைவில், வேகம்கூட அதிகமில்லை, பின்னாலிருந்து டம் என்று ஒரு சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் கேம்பரை வண்டியோடு கட்டியிருந்த செயின் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, கேம்பரின் வால் நான்கு விரல் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, செயினைப் பிடித்திருந்த போல்ட் தொட்டியின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. தகரத்தை என்றுதான் சொல்கிறேன். நான்கு மூலைக் கட்டுகளில் முன்னிரண்டைத் தொட்டியின் பக்கச் சுவரிலும், பின்னிரண்டைப் பம்பரிலும் போல்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

கேம்பர் கட்டு சேஸிஸில் இருந்து வர வேண்டும். அல்லது அந்த வண்டிக்கென்றே செய்து, அதன் தாங்கு திறன் எழுதிக் கொடுத்த பிராக்கெட்டில் இருந்து வர வேண்டும். தொட்டியின் பக்கச் சுவர் சரக்கு சரியாமல் இருக்கத்தான், ஒரு டன் கூண்டு வளைவில் சாயும்போது இழுத்துப் பிடிக்க அல்ல. முன்கட்டு முன்னோக்கியும் பின்கட்டு பின்னோக்கியும் கொஞ்சம் சாய்வாக இழுத்தால்தான் பிரேக் அடிக்கும்போது கூண்டு முன்னே வழுக்காது, எனக்கு நான்கையும் செங்குத்தாக மாட்டியிருந்தார்கள். செயினைத் திருகி இறுக்குகிற டர்ன்பக்கிளில் ஸ்பிரிங்கும் இல்லை. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், அதற்கு இடம் கொடுக்கத்தான் ஸ்பிரிங். இல்லாவிட்டால் ஒன்று செயின் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும், இல்லை செயின் மாட்டுகிற கேம்பரின் கண்போல்ட் (வளைய போல்ட்) பிய்ந்து வரும். இதற்கெல்லாம் மேலே, தொட்டிக்குள் இருந்த வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பை எடுக்காமல் அதன் மேலேயே கூண்டை இறக்கிவிட்டார்கள். அதை எடுத்துவிட்டுக் கெட்டியான ரப்பர் மேட் போடுவது இந்த வேலையின் முதல் படி. அரை மணி நேர வேலையைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சாமான்களில் முக்கால்வாசியை இறக்காமல், தண்ணீரையும் அப்படியே வைத்துக்கொண்டு, மெதுவாக உருட்டி எடைமேடைக்குப் போனேன். மூன்று தடவை எடை போடச் சொல்லுங்கள், முன் சக்கரங்கள் மட்டும், முழு வண்டி, பின் சக்கரங்கள் மட்டும். என் சீட்டில் வந்தது இது: முழு வண்டி 3,580 கிலோ, கதவு லேபிள்படி உச்ச அளவு 3,200. பின் ஆக்சிலில் 2,240, அதற்கு அனுமதி 1,900. முன் ஆக்சிலில் 1,340. பிறகு கேம்பரை இறக்கி வைத்துவிட்டு அதே இரண்டு பேரோடு வெறும் வண்டியை எடை போட்டோம்: மொத்தம் 2,470, முன்னால் 1,400, பின்னால் 1,070. கழித்துப் பாருங்கள். 680 கிலோ என்று சொன்ன கேம்பர் 1,110 கிலோ.

அந்த 680 எங்கிருந்து வந்தது என்றால், அந்த மாடல் முதன்முதலில் வந்தபோது விளம்பரத் தாளில் போட்ட வெற்று எடை. அதில் நான்கு மூலை ஜாக்கி கிடையாது, அதுவே 70 கிலோ. மேலே ஏசி 35, பக்கத்தில் விரிகிற பந்தல் 25, ஈய பேட்டரி இரண்டு சேர்ந்து 50. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, தொட்டி 110 லிட்டர், ஹீட்டருக்குள் இன்னொரு 22 லிட்டர். 9 கிலோ கேஸ் பிடிக்கிற இரும்பு சிலிண்டர் நிறைந்திருந்தால் 17 கிலோ வரும். இதைக் கூட்டினாலே ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது, மீதி நூறுதான் எங்கள் மெத்தை, பாத்திரம், துணிமணி. கேம்பர்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெற்று எடைக்கும் கிளம்பும் எடைக்கும் நடுவில் பல நூறு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். இந்தத் தொழிலிலேயே இருக்கிற கடைக்காரருக்கு அது தெரியாது என்று என்னை நம்பச் சொல்கிறார்கள்.

எடையைவிட என்னை அதிகம் கொதிக்க வைத்தது இன்னொன்று. சீட்டை மறுபடி பாருங்கள், கேம்பர் ஏறிய பிறகு முன் ஆக்சிலில் எடை 1,400இலிருந்து 1,340 ஆகக் குறைந்திருக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றியும் முன் சக்கரம் லேசாகிறது என்றால், கூண்டின் ஈர்ப்பு மையம் பின் ஆக்சிலைத் தாண்டிப் பின்னால் விழுகிறது என்று அர்த்தம். நெம்புகோல் கணக்குதான்: 60 கிலோவை 1,110ஆல் வகுத்து, இரண்டு ஆக்சிலுக்கும் இடையே உள்ள 370 சென்டிமீட்டரால் பெருக்கினால் 20 வருகிறது. பின் ஆக்சிலுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால். அது ஆக்சிலுக்கு முன்னால்தான் விழ வேண்டும், வண்டிக் கம்பெனிக்காரர்களே கேம்பர் ஏற்றுவதற்கான குறிப்பில் அந்த எல்லையைப் போட்டிருப்பார்கள். ஸ்டியரிங் மிதந்ததற்குக் காரணம் இதுதான், வளைவில் வால் வீசியதற்கும் இதுதான்.

ஏன் பின்னால் போனது? அது 8 அடித் தொட்டிக்குச் செய்த கேம்பர். என்னுடையது ஆறரை அடி. கேம்பரின் இரண்டு பக்கத்திலும் ஈர்ப்பு மையம் எங்கே என்று தயாரிப்பாளர் அம்புக்குறி போட்டிருப்பார், வாங்கும்போது அதைக் காணவில்லை. கேம்பரை இறக்கிய பிறகு ஒரு பக்கத்துப் புது அலங்கார ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன், அம்புக்குறி அடியில் பத்திரமாக இருந்தது. மறு பக்கமும் அப்படியே. தற்செயலாக இரண்டு பக்கமும் சரியாக அதே இடத்தில் ஸ்டிக்கர் விழுந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும்.

டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் 112 என்று சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், இரண்டுக்கு 2,240, என் பின் ஆக்சில் எடைக்குக் கிராம் சுத்தமாகச் சரி என்று தோன்றும். ஆனால் பயணிகள் கார் ரக டயரை பிக்கப்பில் மாட்டினால் அதை 1.1ஆல் வகுக்க வேண்டும், அப்போது ஒரு டயருக்கு 1,018 கிலோதான். அதுவும் காற்று முழு அளவில் இருந்தால். கடையில் இருந்து வண்டி வந்தபோது காற்று வெறும் வண்டிக்கு வைக்கிற அளவில்தான் இருந்தது.

வயரிங் பற்றி ரொம்ப எழுதப் போவதில்லை, கோபம் வருகிறது. டெயில் லைட் வயரைக் கிள்ளி அதிலிருந்தே கேம்பருக்கு லைன், பேட்டரி சார்ஜ் ஆக ஒரு மெல்லிய வயர், வண்டி பேட்டரி பக்கம் ஃபியூஸே கிடையாது. எங்காவது உரசி சேஸிஸைத் தொட்டிருந்தால் வயர் முழுக்க நெருப்பாகியிருக்கும்.

கடைக்காரர் சொன்ன பதில்களை வரிசையாகக் கேளுங்கள். முதலில் நான் வேகமாக ஓட்டியிருப்பேன் என்றார். எடைச் சீட்டைக் காட்டியதும், தண்ணீரை நிரப்பிக்கொண்டு யார் ஓட்டச் சொன்னது என்றார். சரி, தண்ணீரை முழுக்கக் கழித்துவிட்டுப் பாருங்கள், 132 கிலோ போனாலும் 248 கிலோ அதிகம் என்று காட்டினேன். அதற்கு, 680 என்று பில்லில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பில்லில் "கேம்பர், பொருத்தும் வேலை உட்பட" என்று ஒரே ஒரு வரி. போனில் கூட்டிக் காட்டிய கணக்குக்கு ஏது சாட்சி? ஏர்பேக் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாக இப்போது இறங்கி வந்திருக்கிறார், கிழிந்த தொட்டிக்கு ஒன்றும் கிடையாதாம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், கேம்பரைப் பார்ப்பதற்கு முன்பே பெட்ரோல் டேங்கை நிரப்பி, கூட வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வண்டியை எடைமேடையில் ஆக்சில் வாரியாக எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உச்ச அளவில் இருந்து அதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. அதில் இருந்து சாமானுக்கு ஒரு நூற்றைம்பது கிலோவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். விற்கிறவரிடம் எடை எவ்வளவு என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். தண்ணீர், கேஸ், பேட்டரி, ஜாக்கி, ஏசி எல்லாம் சேர்த்து எடை எவ்வளவு, எந்த நீளத் தொட்டிக்குச் செய்தது, ஈர்ப்பு மையக் குறி எங்கே என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை மாட்டி முடித்து, எடைமேடைச் சீட்டு வந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார், முகம் சுளிக்கிறவரிடம் நமக்கு என்ன வேலை? முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் நிறுத்தி நான்கு கட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள், ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும், மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து, உங்கள் செயின் எதில் போய் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தகரத்திலோ பம்பரிலோ இருந்தால் கேம்பரை இறக்காமல் அடுத்த பயணம் போகாதீர்கள்.

எடைச் சீட்டுகள், கிழிந்த தொட்டி, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த அம்புக்குறி எல்லாவற்றுக்கும் படம் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். கடைப் பெயரை மட்டும் இப்போது கேட்காதீர்கள், புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.