பழைய ஜீப்பில் ஃபோர்வீல் கோளாறு: லிவர் வண்டியா, சுவிட்ச் வண்டியா?

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் ஃபோர்வீலுக்கு (நான்கு சக்கரமும் இழுக்க) லிவர் போடும் மஹிந்திரா எம்எம்540 ஜீப்புக்கும் சுவிட்ச் திருப்பும் ஃபோர்வீல் ஸ்கார்ப்பியோவுக்கும் நடுவே தவிக்கிறார்கள். கோளாறைக் கண்டுபிடிக்க எது எளிது?

கண்டுபிடிப்பது
லிவர்: ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் திருகு) உள்ள வண்டியில் அதை ஃப்ரீயில் விட்டு, ஃபோர்வீல் போட்டு, மண் தரையில் மெல்ல நகர்த்துங்கள். ஒருவர் விலகி நின்று முன் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டான முன் புரொபெல்லர் ஷாஃப்டைப் பார்க்கட்டும். சுற்றவில்லையா, கோளாறு லிங்கேஜிலோ (லிவரை இணைக்கும் கம்பிகள்) டிரான்ஸ்ஃபர் கேஸிலோ (விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி). அது சுற்றியும், ஹப்பைப் பூட்டிய பிறகு முன் சக்கரம் இழுக்கவில்லையென்றால் ஹப், ஆக்சில், டிஃபரன்ஷியலைப் பாருங்கள்.
சுவிட்ச்: காதுதான் முதல் கருவி. திருப்பியதும் அடியில் ஃபோர்வீலை மாற்றும் சிறு மோட்டாரின் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர், கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். லோ ரேஞ்சுக்கு (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) வண்டியை நிறுத்திக் கிளட்ச் மிதிக்க வேண்டும். அது தெரியாமலே நல்ல மோட்டாரைக் கழற்றுகிறார்கள், பாவம்.

உப்புக்காற்று
லிவர்: துருப்பிடித்து இறுகும், கிரீஸ் போதும்.
சுவிட்ச்: குளச்சல், முட்டம் கரையோரத்தில் கனெக்டரில் களிம்பு ஏறும்.

செலவு
லிவர்: பெரும்பாலும் புஷ், ஆயில் சீல்.
சுவிட்ச்: மோட்டார் போனால் கை கடிக்கும்.

இரண்டிலும் நான்கு டயரும் ஒரே அளவில் இருக்கட்டும்; காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் வேண்டாம்.

மலைத்தோட்டத்துக்கு லிவர் வண்டிதான் என் தேர்வு. நாகர்கோவிலுக்கு தினமும் ஓட்டி, மழையில் மட்டும் சேற்றில் இறங்குகிறவர், நல்ல எலக்ட்ரீஷியன் அருகில் இருந்தால், சுவிட்ச் வண்டியைத் தாராளமாக எடுக்கலாம்.