முன்பல் உடைந்தால் பாண்டிங்கா, வெனீரா?

முன்பல்லின் முனை உடைந்துவிட்டது என்றோ, பற்களுக்கிடையே இடைவெளி உறுத்துகிறது என்றோ பெங்களூரில் ஒரு பல் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று காம்போசிட் பாண்டிங்; காம்போசிட் என்ற பல் நிற ரெசின் பசையைப் பல்லின்மேல் வைத்து இறுக்குவது. மற்றொன்று வெனீர், சில மருத்துவர்களின் வாயில் லேமினேட்; பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. முன்னது பல்லின்மேல் பொருளைச் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது; பின்னது பெரும்பாலும் பல்லைச் சற்றுச் செதுக்கிவிட்டுத்தான் ஒட்டப்படுகிறது. விலையைவிட இந்த வேறுபாட்டையே முதலில் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

நம் வீடுகளில் ‘பல்லுக்குச் சிமென்ட் வைப்பது’ என்று சொல்கிறோமே, அதன் நுட்பமான வடிவம்தான் பாண்டிங். வேலை தொடங்கும் முன், பல் எச்சில் ஈரத்தோடு இருக்கும்போதே நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ந்த பல் வெளுத்துத் தெரியும் என்பதால், பஞ்சு வைத்து உலர்த்திய பிறகு நிறம் பார்த்தால் மறுநாள் அந்த இடம் திட்டாகத் தனித்து நிற்கும். பிறகு ஏறத்தாழ 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் களிம்பை எனாமலின்மேல், அதாவது பல்லின் கடினமான வெளிப்படலத்தின்மேல், 15 முதல் 30 விநாடிகள் வைத்துக் கழுவுவார்கள். உலர்த்தியதும் அந்தப் பரப்பு சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கலாக வெளுத்திருக்கும். அங்கே உண்டான, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பில்தான் ரெசின் பிடித்துக்கொள்கிறது. மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955இல் வெளியிட்ட உத்தி இது. அதன்பின் காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுக்கி, வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்த்து, கடைசியில் மெருகேற்றுவார்கள். மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு பல்லுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதல் சில நாட்கள் நாக்கு அந்தப் பல்லையே தடவிக்கொண்டிருக்கும். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் பொறுத்துப் போகாமல் திரும்பச் சென்று சரிசெய்துகொள்ள வேண்டும்.

வெனீருக்குப் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமல் செதுக்கப்படும். அளவெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அடுத்த வருகையில் பீங்கான் தகட்டை ஒட்டுவார்கள். இழந்த எனாமல் மீண்டும் வளராது. ஆனால் பீங்கானில் ஃபில்டர் காபியின் கறை எளிதில் ஏறுவதில்லை. நன்றாகச் செய்தால் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். செலவு பாண்டிங்கைவிடப் பல மடங்கு. உடைந்தால் பெரும்பாலும் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும்.

பாண்டிங் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். முதல் இரண்டு நாட்கள் காபி, தேநீர், மஞ்சள் தூக்கலான குழம்பு ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. முறுக்கையும் கரும்பையும் முன்பல்லால் கடிக்கும் வழக்கத்தை அதன்பின் விட்டுவிட வேண்டியதுதான். எனினும் ஒரு முனை பெயர்ந்தால் ஒரே அமர்வில் ஒட்டிச் சரிசெய்யலாம் என்பதால், இருபது வயதில் சிறு உடைசலோடு வருபவருக்கு நான் பாண்டிங்கையே சொல்வேன். நல்ல நிலையில் உள்ள முன்பல்லை அழகுக்காகச் சுற்றிலும் செதுக்கி, முழுப் பல்லையும் மூடும் கேப் போடலாம் என்று யாரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு எதைச் செய்தாலும் தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் இரவுக் கவசம் வேண்டும்.

பாண்டிங் திணறும் இடம் ஒன்று உண்டு. அது நம்மவர்களுக்கு அந்நியமானதும் அல்ல. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்குப் பெயர்பெற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் ஏராளம். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் சிறுவயதில் அந்த நீரைக் குடித்தவர்களின் பழுப்புக் கறை, பிறகு இங்கே வந்து காவிரி நீர் குடிப்பதால் போய்விடாது. அத்தகைய எனாமலில் அமிலம் எளிதில் வேலை செய்யாததால் பிடிமானம் குறையலாம். ஆழ்ந்த பழுப்பை மறைக்கக் காம்போசிட்டைத் தடிமனாகப் பூசினால் பல் உயிரற்றுத் தெரியும். மேலோட்டமான கறையென்றால் நுண்ணிய தேய்ப்பு, வெளுப்பூட்டல் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். கறை ஆழமாகி எனாமலில் குழியும் விழுந்திருந்தால் அங்கே வெனீருக்கே என் வாக்கு. வெளுப்பூட்டுவதாக இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்தே பாண்டிங் செய்ய வேண்டும். ஏனெனில் வெளுப்பூட்டிய உடனே ஒட்டினால் பிடிமானம் குறையும், ஒட்டிய காம்போசிட்டோ பிற்பாடு வெளுக்காது.

இடைவெளி பிறவியிலேயே இருந்தால் இரண்டு முறைகளும் பொருந்தும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் திறந்தால் அது ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஈற்றைப் பார்க்காமல் இடைவெளியை மட்டும் மூடுவது வீண்.

எந்த முறையானாலும், பல்லைச் செதுக்குவதற்கோ அமிலம் வைப்பதற்கோ முன் காம்போசிட்டைச் சும்மா பல்மேல் வைத்து மாதிரி காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் சிரித்துப் பார்த்தால் மட்டும் போதாது. ‘வா’, ‘வீடு’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். மேல் பல்லின் விளிம்பு கீழுதட்டில் அழுந்தி இடித்தால் நீளம் கூடிவிட்டது என்று பொருள். அந்த மாதிரியைப் பல்லுக்குச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்துவிடலாம்.