படம் அருமை, முகப்பு கொடுமை: ஒரு 55 அங்குல ஸ்மார்ட் டிவி

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் அருமை. கருப்பு கருப்பாகவே தெரிகிறது, இருட்டுக் காட்சியிலும் முகங்கள் தெளிவாக இருக்கின்றன, விளையாட்டு பார்க்கும்போது பந்து வால் முளைத்து ஓடுவதில்லை. சத்தம் சுமார்தான், தனி ஸ்பீக்கர் வேண்டும். இந்த விலைக்கு இவ்வளவு நல்ல பேனல் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசித்தேன், கொஞ்ச நாளில் விடை தெரிந்துவிட்டது. கடையில் கொடுத்தது முன்பணம்தான், மீதியை நாம் டிவி பார்க்கப் பார்க்க வசூல் செய்துகொள்கிறார்கள். பிராண்ட் பெயரைப் போடவில்லை, மற்ற பிராண்ட்காரர்கள் "நாங்கள் நல்லவர்கள்" என்று தப்பித்துவிடக் கூடாது.

பெட்டியைப் பிரித்து மாட்டி ஆன் செய்தால் வைஃபை பாஸ்வேர்ட், அப்புறம் மின்னஞ்சல், அப்புறம் நிபந்தனைகள். நிபந்தனைப் பக்கத்தில் "அனைத்தையும் ஏற்கிறேன்" என்ற பட்டன் நீல நிறத்தில், பெரிதாக, ரிமோட்டின் கர்சர் ஏற்கெனவே அதன் மேலேயே நிற்கிறது. ஓகே அழுத்தினால் முடிந்தது. வேண்டாம் என்றால் கீழே இறங்கி, சாம்பல் எழுத்தில் இருக்கும் "தேர்வுகளை நிர்வகி"க்குள் போய், ஒவ்வொன்றாக டிக் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே நீளமான ஒப்பந்தம் வேறு, ரிமோட்டின் கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி அதைப் படித்து முடித்த மனிதர் யாராவது உலகத்தில் இருந்தால் அவருக்கு ஒரு டிவி இலவசமாகவே கொடுக்கலாம்.

ஆரம்பத்தில் முகப்புப் பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அப்டேட் வந்தது, காலையில் திரையின் மேல் பாதியில் ஒரு கார் விளம்பரம். அசையாப் படம்கூட இல்லை, வீடியோ. கர்சர் அதன் மேல் பட்டால் சத்தத்தோடு ஓட ஆரம்பிக்கிறது, கர்சரோ டிவியை ஆன் செய்ததும் அங்கேதான் போய் நிற்கிறது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு செய்தி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கார் உறுமுகிறது. அமைப்புகளில் எங்கே தேடினாலும் இதை முழுதாக நிறுத்த வழி இல்லை. நான் வாங்கியபோது இல்லாத ஒன்றை வாங்கிய பிறகு நுழைக்கிறார்கள், காசைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அதற்குள் முடிந்துவிடுகிறது.

விளம்பரத்தையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் பெரிய விஷயம். ஏசிஆர் என்று ஒரு வசதி, திரையில் ஓடும் படத்தையோ சத்தத்தையோ துளித்துளியாக மாதிரி எடுத்து, அதை ஒரு கைரேகை மாதிரி சுருக்கி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே இருக்கும் பெரிய சேகரிப்போடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். டிவிக்குள் இருக்கும் ஆப்பில் பார்த்தால்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். எச்டிஎம்ஐ வழியாக செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், லேப்டாப் எதை மாட்டினாலும் திரையில் வருவதைத்தான் அது பார்க்கிறது.

கற்பனை இல்லை. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 2017-இல் இதற்காகவே அரசிடம் மாட்டியது. 1.1 கோடி டிவிகளில், வாங்கியவர்களிடம் ஒழுங்காகக் கேட்காமல், விநாடிக்கு விநாடி என்ன ஓடுகிறது என்று சேகரித்து விற்றார்கள் என்பது அங்கே நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி வைத்த குற்றச்சாட்டு. அந்த வசதிக்கு மெனுவில் இருந்த பெயர் "ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி". 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள், கணக்குப் போட்டால் ஒரு டிவிக்கு 20 சென்ட்! அதே நிறுவனம் 2021-இன் மூன்றாம் காலாண்டில் டிவி விற்றுக் கண்ட மொத்த லாபத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விளம்பரம், டேட்டா பக்கத்தில் கண்டது. 2024-இல் வால்மார்ட் அதை 230 கோடி டாலருக்கு வாங்கியது. சோப்பும் அரிசியும் விற்கிற கடைக்கு டிவி கம்பெனி எதற்கு என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

"நான் டிவியில் பார்த்தது போனில் விளம்பரமாக வருகிறது, போன் ஒட்டுக் கேட்கிறது" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். கேட்கவே தேவையில்லை. வீட்டில் இருக்கும் டிவி, போன், லேப்டாப் எல்லாம் ஒரே ரவுட்டர் வழியாக ஒரே ஐபி முகவரியில்தான் பொதுவாக வெளியே போகின்றன. டிவி எதைப் பார்த்தது என்பது தெரியும், அதே முகவரியில் எந்தப் போன்கள் இருக்கின்றன என்பதும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போடுவது அவர்களுக்குப் பெரிய வேலையா என்ன.

வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தேன். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், ஒரு தடவை ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க."

"ரீசெட் பண்ணா விளம்பரம் போயிடுமா?"

"அது போகாது சார். டிவி கொஞ்சம் வேகமாகும்."

செய்தேன். விளம்பரம் அப்படியே இருந்தது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்து வைத்திருந்தவை மட்டும் அழிந்து, நீல பட்டன் மறுபடி வந்து நின்றது.

இதே தலைவலி இருப்பவர்களுக்கு: ஏசிஆர் மெனுவில் அந்தப் பெயரில் இருக்காது. சாம்சங்கில் "வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்" என்று தேடுங்கள். விளம்பரத்தைத் தனிப்பயனாக்குவது தனி சுவிட்ச், அதையும் அணையுங்கள் (விளம்பரம் நிற்காது, உங்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போடுவது குறையும்). கூகுள் டிவி மென்பொருள் உள்ள செட்டுகளில் "ஆப்ஸ் ஒன்லி மோட்" போட்டால் பரிந்துரை வரிசைகள் போய்விடும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் பிறகு இதையெல்லாம் ஒரு எட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நான் கடைசியில் டிவியை வைஃபையிலிருந்தே துண்டித்துவிட்டேன், ஆப்களுக்குத் தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி. அந்தப் பெட்டிக்காரனும் யோக்கியன் இல்லைதான், ஆனால் பிடிக்காவிட்டால் அதைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம், 55 அங்குலத்தைத் தூக்கிப் போட முடியாது. இணையம் போனதும் விளம்பரம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை, "இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று. அது பரவாயில்லை, உறுமுவதில்லை. டிவி ஆன் ஆவதும் முன்னைவிட வேகம்.

ரிமோட்டில் இருக்கும் ஓடிடி பட்டன்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒலி கூட்டும் பட்டனுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், விரல் தவறினால் சந்தாவே இல்லாத ஆப் திறந்து "இணைப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு நிற்கும்.

படத்துக்கு 5-க்கு 4.5, மென்பொருளுக்கு 1. தனிப் பெட்டி வைத்திருந்து, டிவியை இணையத்தில் சேர்க்கவே போவதில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். உள்ளே இருக்கும் ஆப்களை நம்பி வாங்குபவர்கள் கடையில் ஓடும் அந்த வண்ணமயமான டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது கடைக்கான மோட், அதில் இந்த விளம்பரம் எதுவும் வராது. வீட்டு மோடுக்கு மாற்றி, இணையத்தில் சேர்த்து, முகப்பைக் காட்டச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் அடுத்த கடை.